இனியாவுக்குப் போடாத ஊசி

புதுச்சத்திரம்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

பேத்தி அமுதவல்லிக்கு அப்பத்தா சென்னம்மாள் எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். உன் மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள். பதினோரு பல் முளைத்துவிட்டது.

எனக்குக் காது மந்தம், போனில் கத்தித்தான் பேச வேண்டும். பேசும்போது உன் அப்பன் பக்கத்திலேயே நிற்கிறான். வெளியே போனால் குழந்தை ரோட்டுக்கு ஓடிவிடும் என்று கேட்டைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோகிறான். கேட் கம்பி வழியாக எதிர்வீட்டு ஆராயி இதை வாங்கிப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

இனியாவுக்குத் தட்டம்மை ஊசி போடவில்லை. போட்டாச்சு என்று உன் அப்பன் காளியண்ணன் உன்னிடம் சொன்னது பொய். நீ போனில் என்னைக் கேட்டபோது நானும் ஆமாம் என்றுவிட்டேன்.

போன வருடம் அவனுக்குக் காலில் அரிப்பு. சொறிப் புண்ணிலிருந்து எடுத்துச் செய்த ஹோமியோபதி மருந்து சாப்பிட்டான், ஆறிவிட்டது. அதோடு புத்தகம் வாங்கிப் படித்து அவனே வைத்தியனாகிவிட்டான். காசத்துக்குக் காசக்காரன் சளியாம், அம்மைக்கு அம்மை கண்டவர் எச்சிலாம். எடுத்ததில் ஒன்றுமே மிஞ்சாத அளவுக்குக் கரைத்துச் சர்க்கரை உருண்டையில் ஏற்றுவார்களாம். ஒன்றுமே மிஞ்சாதது எப்படியடா காக்கும் என்று கேட்டேன். "உனக்கென்ன தெரியும், கம்முனு இரும்மா. ஊசியக் காட்டியும் இது மேலு" என்றான். நர்ஸம்மா இரண்டு முறை வந்தார். சேலத்திலேயே போட்டாச்சுங்க என்று வாசலோடு அனுப்பிவிட்டான்.

இன்னொரு நாள் வாயைத் திறந்ததற்கு, முதியோர் இல்லம் பார்க்கட்டுமா என்றான். மார்கழி ஏழாம் தேதி, சோற்றில் கை வைத்திருந்தேன். மறக்க மாட்டேன்.

எனக்கு ஏழு வயதில் பெரியம்மைக்குக் குத்துகிறவர் ஊருக்கு வந்தார். மாரியாத்தா கோவித்துக்கொள்வாள் என்று பெரியப்பன் சின்னண்ணன் என் தங்கை கந்தம்மாளைச் சோளத்தட்டுப் போருக்குள் ஒளித்துவைத்தார். நான் அகப்பட்டுக்கொண்டேன், குத்திவிட்டார்கள். அடுத்த மாசியில் அவளுக்கு அம்மை வார்த்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள். பெரியப்பன் வீட்டில் இன்றுவரை நான் பச்சைத்தண்ணீர் குடித்ததில்லை. ஆனால் அன்றைக்கு, பாப்பா எங்கே என்று குத்துகிறவர் என்னைத்தான் கேட்டார். தெரிந்தும் நான் சொல்லவில்லை.

நேற்று பக்கத்துத் தெரு ரமேஷ்குமார் வீட்டில் வேப்பிலை செருகியிருக்கிறார்களாம். அவர் பையனுக்குத் தட்டம்மை. இனியா திங்கட்கிழமை அவனோடு விளையாடினாள். உன் அப்பன் ஊசிக்குப் பதிலாக அவளுக்குத் தினம் கொடுக்கும் இரண்டு உருண்டையை நான்காக்கியிருக்கிறான், அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் ஆராயிக்குப் போன் போடு. நர்ஸம்மா நம்பர் அவளிடம் இருக்கிறது. பெற்றவள் சொல்கிறேன், வீட்டுக்கே வந்து குழந்தையைப் பாருங்கள் என்று நர்ஸம்மாவிடம் சொல். அப்புறம் அப்பனைக் கூப்பிட்டுக் கேட்டைத் திறக்கச் சொல். யார் சொன்னது என்று கேட்பான். ஆராயி பெயரை எடுக்காதே. அப்பத்தா சொன்னாள் என்று சொல், சாமி. என் பெயரையே சொல்லிவிடு.

உன் குழந்தை நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

உன் அப்பத்தா
சென்னம்மாள்