பொறுப்புக் கையெழுத்து

வெள்ளவத்தை
11.03.1996

ஐறீன்,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. மூன்று நாள் பொலிசில் இருந்துவிட்டு நேற்றுத்தான் அறைக்கு வந்தேன். இந்த அறையில் இருக்கிறோம் என்று நம் இருவருடைய பெயரும் எழுதி, வீட்டுக்காரர் பூபாலசிங்கம் அண்ணை கையெழுத்து வைத்த பதிவுப் படிவம், அந்தப் போம், அங்கே போகவே இல்லையாம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் பதியாமல் இங்கே என்ன செய்கிறாய் என்று மாறி மாறிக் கேட்டார்கள். "குடுத்திட்டன், பயப்பிடாத" என்று தை மாதம் சொன்னவள் நீ.

அண்ணை இப்போது பொலிசிடம் என்னைத் தெரியாது என்கிறார். 21ஆம் திகதி காலை ஒன்பது மணிக்குக் கொழும்பில் பிறந்த ஒருவர் பொலிசுக்கு வந்து எனக்குப் பொறுப்புக் கையெழுத்து வைக்கவேண்டும். இல்லாவிட்டால் தடுப்பு முகாம்தான். எனக்கு இங்கே வேறு யார் இருக்கிறார்கள்? வா.

ஜெகதீஸ்வரி

கொட்டாஞ்சேனை
14.03.1996

ஜெகா,

போம் என் கைப்பைக்குள்தான் கிடந்தது. பொலிசுக்கு வெளிக்கிட்ட என்னை பஸ் தரிப்பில் றேமண்ட் கண்டு படத்துக்குக் கூட்டிப்போனான். பிறகு மறந்துபோனேன். என் அடையாள அட்டையில் கொழும்பு என்று இருப்பதால் எனக்கு அது ஒரு துண்டுக் கடதாசி. போதுமா?

நீயே போயிருக்கலாம். நாலு வசனம் சிங்களம் கதைக்கப் பயந்து கறண்ட் பில் கட்டவும் என்னை அனுப்பின ஆள் நீ. என் பாவாடை கட்டை, சிரிப்பு அதிகம், றேமண்ட் காவாலி என்று ஒரு வருடம் ஓதினாயே, அந்தக் காவாலியோடுதான் உயிர்த்த ஞாயிறு கழிய எனக்குக் கலியாணம்; அதற்குத்தான் அறையை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தேன். "யாழ்ப்பாணத்துப் பிள்ளைட பிரச்சினையில கையெழுத்து வச்சா இந்த வீட்டுப் பக்கம் வராத" என்று அவன் அம்மா சொல்லிவிட்டா. வரமாட்டேன்.

ஐறீன்

வெள்ளவத்தை
16.03.1996

ஐறீன்,

கலியாணத்தை நன்றாகக் கொண்டாடு. மூன்று நாளும் நித்திரை கொள்ள விடாமல், போமைக் கொண்டுபோனது யார் என்றுதான் கேட்டார்கள். உன் பெயரைச் சொல்லவில்லை. உன்னையும் பிடித்துப்போடுவார்கள் என்று பயந்தேன், விசரி நான். வியாழக்கிழமை சொல்லுவேன். மாமியார் வீட்டு விலாசத்தோடு சொல்லுவேன்.

ஜெ.

கொட்டாஞ்சேனை
21.03.1996

ஜெகா,

உன் மிரட்டலுக்குப் பயந்து வந்தேன் என்று நினைக்காதே. நான் வந்து சேரப் பத்து மணி. அதுவரைக்கும் நீ யாருடைய பெயரையும் சொல்லவில்லை என்று அந்தப் பொலிஸ் பெரியவரே சொன்னார். எழுதத் தெரிந்த வாய்வீச்சு சொல்ல வரவில்லையாக்கும். அதற்காக உன்னோடு எனக்குள்ள கோபம் போய்விடாது. போம் என் கையில்தான் தவறியது என்று நான் சிங்களத்தில் சொன்னதற்கு அவர் பேசின பேச்சு உனக்கு விளங்கியிராது. நல்லது. கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தபோதும் நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னேரமே றேமண்ட் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. மோதிரத்தைக் கேட்டு அவனையே அனுப்பினார்கள். அவனும் வாங்கிக்கொண்டு போனான். சந்தோஷமா உனக்கு?

இனி எனக்குக் கடிதம் எழுதாதே. நீ கொழும்பில் இருக்கும்வரை ஒவ்வொரு மாதமும் முதல் திங்கள் நாம் இருவரும் போய்க் கையெழுத்து வைக்கவேண்டுமாம். நான் வருவேன். என்னோடு கதைக்க வராதே.

ஐறீன்