இரட்டைப்பிள்ளை பெற்றவள் கை

நாகலாபுரம்,
மாசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் காளீஸ்வரனுக்கு,

அம்மா முத்துச்செல்வி எழுதிக்கொள்வது. எல்லாரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. அப்பாவுக்குக் காலில் ஆணி, எனக்குத் தூக்கமில்லை. ஆடுகள் நலம்.

போனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நீ "அம்மா" என்றதும் நான் அதை அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். முகத்தைத்தான் ஒன்றாகப் படைத்தான் என்றால், உங்கள் இருவர் குரலையும் அந்த ஆண்டவன் ஒன்றாகவே வைத்துவிட்டான். கிருஷ்ணகுமார் ஐப்பசியில் பைக் விபத்தில் போனதிலிருந்து இப்படித்தான். நான் பேசாமல் இருந்தால் உன்மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே.

பூனா குளிரில் இருமல் விடவில்லை என்று அப்பாவிடம் சொன்னாயாம். சுக்கும் மிளகும் தட்டிப்போட்டு, கருப்பட்டி சேர்த்துக் கொதிக்கவைத்துக் குடி. ராத்திரி தயிர் வேண்டாம். அறையில் இருக்கும் பையன்கள் சிரித்தால் சிரிக்கட்டும். மூக்கு ஒழுகும்போது அவர்களே தம்ளரோடு வந்து நிற்பார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கித் தொலைக்காதே.

இங்கே மிளகாய் வத்தல் காய்கிறது. கருத்தையா அண்ணாச்சிக்கு வத்தல் மூட்டையைத் தூக்கப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரட்டைப்பிள்ளை பெற்றவள் வழித்துவிட்டால் சுளுக்கு நிற்காது என்று ஊரே நம் வாசலுக்கு வரும். சம்பளமில்லாத டாக்டர் என்று நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கேலி செய்வீர்கள். அவன் போனபிறகு ஒருவரும் வரவில்லை. என் கையும் செத்துப்போச்சு என்றுதான் நானும் இருந்தேன். அண்ணாச்சி கோணிக்கொண்டு வந்து நின்றதும், இனி நான் இரட்டைப்பிள்ளைக்காரி இல்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அவர் நகரவில்லை. "ஒண்ணு போயிட்டா, பெத்தது ரெண்டு இல்லன்னு ஆயிருமா தாயி? உசுரு போவுது, வழிச்சு விடு" என்றார்.

விளக்கெண்ணெய் தொட்டு வழித்தேன். ஐயோ அம்மா என்று தெருவே கேட்கக் கத்தினார். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து நடந்து போனார். நான் எண்ணெய்க் கையோடு அப்படியே உட்கார்ந்து அழுதேன். ஆறுதல் சொல்ல வந்த உன் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

காரியத்தன்று அவர் உன்னைப் பார்த்து, "ஏலே குமாரு, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டார். கூட்டமே அழுதது. அன்று சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவன், தைப்பொங்கலுக்கும் வரவில்லை. மனிதர் அதையே நினைத்து மருகுகிறார். "பய வரட்டும். இனிமே பேரே சொல்ல மாட்டேன். ஏலேன்னு மட்டும் கூப்பிடுதேன்" என்கிறார்.

நீ அனுப்பிய போட்டோவில் தாடி வளர்த்திருக்கிறாய். அவன் சாயல் தெரிந்தால் நான் தாங்கமாட்டேன் என்றுதானே? நீ வந்தால் நான் அழுவேன். அது உறுதி, அதற்கு என்னிடம் கைவைத்தியம் இல்லை. ஆனால் என் இரண்டு பிள்ளைகளையும் பார்க்க எனக்கு மிச்சமிருப்பது உன் ஒரு முகம்தான் ராசா. பங்குனிப் பொங்கலுக்குத் தாடியை மழித்துவிட்டு வா.

அவனுக்கும் சேர்த்து நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அம்மா,
முத்துச்செல்வி