பின்பக்கம் போகாத பந்து

கோயம்புத்தூர்,
புதன்கிழமை மாலை.

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நடந்தவற்றை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரிகூடச் சேர்க்க மாட்டேன். வீட்டில் இருக்கும் ஒரே ஃபோன் எந்நேரமும் தாரிக் அண்ணன் கையில் இருப்பதால், இதைப் பேசிச் சொல்ல வழியில்லை. அமீர் ஹம்சா மாமா நாளை விடிகாலை ஷார்ஜாவுக்குக் கிளம்புகிறார். அவர் இதைக் கொடுத்ததும் உடனே படித்துவிடுங்கள்.

அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டுவிட்டு வருகிறது. வெயிலும் குறையவில்லை.

மூன்று வாரமாக அண்ணனோடு கல்லூரி கல்லூரியாக அலைந்து எங்கள் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. வாலிபால் ஒதுக்கீட்டில் சீட்டு கிடைத்தால்தான் அவனால் படிக்க முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் இரண்டு இடங்களில் உயரத்தை அளந்ததோடு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது, சரவணம்பட்டியில். அங்கே கோச் கிருபாசங்கர் சார் இரண்டு நாள் பொறுமையாகப் பார்த்தார்.

அண்ணன் ஆடும் செட்டர் இடத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். சார் எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அடிக்கறவன் நாலு பேர எடுத்துக்கலாம் அம்மணி. தூக்கிக் குடுக்கறவன் ஒருத்தன்தானுங்க. அவன மாத்தி எடுத்துப்போட்டா மூணு வருசம் டீமே படுத்துக்கும்."

இன்னும் வளர்வானா என்று பார்க்கத் தகப்பனாரின் உயரத்தையும் கேட்கிறார்கள். "ஆறடி ரெண்டுங்க சார்" என்று அண்ணன் உங்களை எட்டு அங்குலம் வளர்த்துவிட்டான். "அப்ப ஷார்ஜாவுல குனிஞ்சுதான் கதவு தாண்டுவாருங்க" என்றார் சார். நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை.

கடைசியில் மிஞ்சியது அண்ணனும் சத்தியமங்கலத்து யஷ்வந்தும். யஷ்வந்த் பத்துப் பந்தில் நான்கைத் தவறவிட்டான். ஆனால் சார் பந்தையே பார்க்கவில்லை, அவன் விரல்களைத்தான் பார்த்தார். அண்ணன் ஆடியபோது ஒன்றுகூடத் தவறவில்லை. நான் வழக்கம்போல அவன் தூக்கும் ஒவ்வொரு பந்தும் எந்தப் பக்கம் போகிறது என்று என் நோட்டில் முன், நடு, பின் எனக் குறித்துக்கொண்டிருந்தேன். சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நோட்டைக் கேட்டார்.

அந்த நோட்டில் பொங்கலுக்குப் பிந்தைய பக்கங்களைக் கிழித்துவிடும்படி முந்தின நாளே அண்ணன் என்னிடம் கெஞ்சியிருந்தான். நான் சரி என்றேன். கிழிக்கவில்லை. ஏன் என்று இப்போதும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

"பொங்கலுக்கப்புறம் பின்னாடி ஒரு பந்துகூடத் தூக்கலீங்களே, ஏனுங்க கண்ணு?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பொங்கலுக்கு நடந்த ஆனைமலை டோர்னமென்டில் விரல் உடைந்தது என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் லேசான பிசகு என்றுதானே சொன்னோம்? அம்மாவும் அதைத்தான் நம்பியிருந்தார்கள்.

சார் அண்ணனைக் கூப்பிட்டு விரலில் சுற்றியிருந்த டேப்பை அவிழ்க்கச் சொன்னார். "சும்மா ஒரு தைரியத்துக்குப் போட்டதுங்க சார்" என்றான். உள்ளே மோதிர விரல் கோணிக்கொண்டு வீங்கியிருந்தது. அங்கிருந்த டாக்டர், எலும்பு தப்பாகக் கூடியிருக்கிறது, சரிசெய்து மூன்று மாதம் பந்தைத் தொடாமல் இருந்தால் தேறிவிடும், இப்படியே ஆடினால் இனி அந்த விரல் மடங்காது என்றார். சீட்டு யஷ்வந்துக்குப் போனது. "கையச் சரி பண்ணிப்போட்டு அடுத்த வருசம் வாங்க தம்பி, பாக்கலாம்" என்றார் சார். எடுத்துக்கொள்வதாக அவர் சொல்லவில்லை.

பஸ்ஸில் இடம் இருந்தும் அண்ணன் நின்றுகொண்டே வந்தான். "நீ எனக்குத் தங்கச்சியா, அம்பயரா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். ஒன்பது நாளாகிறது. அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அம்மா அவனுக்காக அழுகிறார்கள், என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஈரோட்டுப் பக்கம் இன்னொரு கல்லூரியில் தேர்வு இருக்கிறது. தோல் நிறத்தில் புது டேப் வாங்கி வைத்திருக்கிறான். என்னைக் கூட்டிப்போக மாட்டான். அங்கே விரலைப் பார்க்காமல் எடுத்துவிடுவார்களோ என்றுதான் பயமாக இருக்கிறது. அம்மா சொன்னால் கேட்கும் நிலையில் அவன் இல்லை.

அவனைக் கூட்டி வர அம்மா அனுப்பியதால் மைதானத்துப் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவன் தனியாகச் சுவரைப் பார்த்து நின்று, தலைக்குப் பின்னால் பந்தைத் தூக்கிப் பழகுகிறான். ஒவ்வொரு தடவையும் கையை உதறிக்கொள்கிறான். நான் எண்ணவில்லை அத்தா, சத்தியமாக எண்ணவில்லை.

நாளை இரவே அவனைக் கூப்பிடுங்கள். சீட்டைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். கை வலிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இதுவரை யாரும் அவனிடம் அதைக் கேட்கவில்லை, நானும்தான். நான் எழுதியதாகச் சொன்னாலும் பரவாயில்லை. அவனுக்காக துஆ செய்யுங்கள். மீதி இருந்தால் எனக்காகவும்.

உங்கள் மகள்,
ரம்ஷா

இன்னும் ஒரு வரி எழுத இருந்தது. மைதானத்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.