ஈ வளராது

அன்புக் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மீதியைப் பதறாமல் படிப்பாய்: அம்மா நேற்று பேசினாள்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் பக்கத்தில் வைத்துத்தானே பேசுகிறோம். அவளைப் பற்றி அவள் எதிரிலேயே எப்படிப் பேசுவது? அதனால்தான் கடிதம்.

பக்கவாதம் வந்ததிலிருந்து 'ம்' என்பதைத் தாண்டி அவள் வாயிலிருந்து எதுவும் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் தங்கமானவள். கப், சாவி, குடை என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டி, இது என்னம்மா என்று கேட்பாள். அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். காலமெல்லாம் விலங்கியல் நடத்தியவளிடம் குடையைக் காட்டிப் பெயர் கேட்டால் என்ன செய்வாள்? வார்த்தை வரவில்லையா, சொல்ல மனமில்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை.

படுக்கையில் விழுவதற்கு முன் இணையக் கலைக்களஞ்சியத்தில் வீட்டு ஈ கட்டுரையை அவள் திருத்திக்கொண்டிருந்தாள் அல்லவா? "யானைக்குப் பக்கம் பக்கமா எழுதுறாங்க. தினம் நம்ம தட்டுல வந்து உட்கார்றதுக்கு நாலு வரியா?" என்று ஆரம்பித்த வேலை. ஈக்கு மெல்லத் தெரியாது, சர்க்கரைமேல் எச்சிலை விட்டுக் கரைத்து உறிஞ்சும் என்பதுவரை அழகாக எழுதியிருந்தாள். அடுத்து 'வாழ்க்கைச் சுழற்சி' என்று தலைப்பு மட்டும் போட்டிருந்தாள். அதன் கீழே ஒன்றுமில்லை. அந்த வெற்றிடத்தைப் பார்க்கப் பொறுக்காமல் நேற்று நானே கணினிமுன் உட்கார்ந்தேன்.

கணக்கு வாத்தியாருக்கு ஈயைப் பற்றி என்ன தெரியும்? இருந்தாலும் உதாரணம் சொன்னால் எதுவும் விளங்கும் என்கிற நம்பிக்கை என்னை விட்டுப் போகவில்லை. எழுதி, அவளுக்கு வாசித்துக் காட்டினேன்: 'கன்று வளர்ந்து மாடாவதைப் போல, சிறிய ஈக்கள் நாளடைவில் வளர்ந்து பெரிய ஈக்களாகின்றன.' அவளைச் சீண்டுவதற்காக எழுதினேன் என்று நினைக்காதே. நம் சமையலறையில் சின்னதும் பெரிதுமாகப் பறப்பதைப் பார்த்து, தாயும் பிள்ளைகளும் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

கட்டில் சட்டத்தில் டொக்கென்று சத்தம். இடது கையால் தட்டுகிறாள். தண்ணீர் வேண்டுமா என்றேன். தலையசைத்து மறுத்தாள். மின்விசிறியைக் குறைக்கட்டுமா என்றேன். மறுபடி டொக். சரி, காதில் விழவில்லை போலிருக்கிறது என்று அந்த வரியை இன்னும் சத்தமாக வாசித்தேன். கழுத்து நரம்பு புடைக்க, "வ... வளராது" என்றாள்.

பழக்கதோஷம் பார், வகுப்பில் கை தூக்கிய பிள்ளையிடம் கேட்பதுபோல, "எது வளராது?" என்று கேட்டேன்.

"ஈ. ஈ வளராது." மூச்சு வாங்கிவிட்டு, "புழு... வளரும்."

"அப்ப அந்தச் சின்ன ஈ?"

"வேற... வேற ஈ." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கேலி செய்யும் அதே தொனியில், "கணக்கு" என்றாள். பிறகு திரையைக் காட்டி, "அழி."

அழித்தேன், குட்டிம்மா. எதையும் இவ்வளவு சந்தோஷமாக நான் அழித்ததில்லை. கண்ணாடியெல்லாம் நனைந்து, விசைப்பலகையைத் தடவித் தடவித்தான் அழிக்க முடிந்தது.

இன்று பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். அட்டைகளைப் பைக்குள் போட்டுவிட்டு, "சார், இனிமே ஈயே போதும்" என்று சிரித்தாள். முட்டையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்டாள். "பட்டினிப் புழு, சின்ன ஈ" என்று அம்மா சொன்னதை, 'புழுவுக்குச் சரியாக உணவு கிடைக்காவிட்டால் அதிலிருந்து வரும் ஈயும் சிறியதாகவே இருக்கும்' என்று நான் எழுதினேன். வாசித்துக் காட்டினேன். தட்டவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே. 'கூட்டுப்புழு' என்ற சொல்லோடு வெகுநேரம் மல்லுக்கட்டினாள். வரவில்லை. கோபத்தில் தலையணையைத் தள்ளிவிட்டாள். வலது கையும் அப்படியேதான் இருக்கிறது. இனிப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வரும், நாளாகும் என்று டாக்டர் நேற்றே போனில் சொல்லிவிட்டார். அது எனக்குப் போதும். நேற்றிரவுதான் ஒழுங்காகத் தூங்கினேன்.

வேலையை விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், 'வந்துவிடு' என்று எழுதிவிடுவேனோ என்ற பயம். இப்போது எழுதுகிறேன். வேலையை விடாதே. லீவு கிடைக்கும்போது வா.

உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை போன் செய்யும்போது, அழுகிற குரலில் எப்படிம்மா இருக்கே என்று கேட்காதே. அதற்கு அவளிடம் பதில் இல்லை. எதையாவது தப்பாகச் சொல். சிலந்திக்கு ஆறு கால் என்று சொல். சொல்லிவிட்டு, நீயே அவசரப்பட்டுத் திருத்திவிடாமல் காத்திரு. எவ்வளவு நேரமானாலும் காத்திரு. நானும் இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு. நம் இருவரையும் திருத்துவதற்கு வீட்டில் ஆள் இருக்கிறாள்.

உன் அப்பா