ஒரு சாடி ஊறுகாய்க்கு வந்த உறைகள்

மழை பிழையாதிருக்க! ஏரிக்கரை உடையாதிருக்க!

கருங்குன்ற நாட்டின் காவலரும், அன்பளிப்பில் தமக்குத் தாமே நிகரானவருமாகிய மாவண்கோ மன்னர் திருமுன், செங்கால் நாட்டு அரசி அல்லியங்கோதையார் வணங்கி எழுதுவித்த ஓலை. அங்கே கோட்டையும் குடிகளும் நலமாய் விளங்குக. இங்கே, மன்னர் மறைந்த வீட்டில் எவ்வளவு நலம் கூடுமோ அவ்வளவு நலம்.

துக்கம் கேட்டுத் தேவரீர் அனுப்பிய பொருள் வந்து சேர்ந்தது. தேக்குப் பேழைக்குள் சந்தனப் பேழை, அதற்குள் தோற்பை, அதற்குள் பட்டு, பட்டுக்குள் பஞ்சு. பிரித்துப் பிரித்து அரசியாரின் நகம் தேய்ந்தது. கடைசியில் கிடைத்தது, மறைந்த மன்னர் விரும்பி உண்ட நார்த்தங்காய் ஊறுகாய், உள்ளங்கையளவு சாடியில். மன்னர் போன பின் அன்றுதான் அரசியார் சிரித்தார். சிரித்து முடிக்குமுன் அழுதார். அதற்கு நன்றி.

குறை, உறைகளைப் பற்றியது. ஒவ்வொன்றிலும் தேவரீரின் சிங்க முத்திரை. முத்திரை பதித்த எதையும் எரிக்கவோ எறியவோ கூடாதென்பது நம் முன்னோர் செய்த உடன்படிக்கை. பொங்கல் கரும்புக்கும் பட்டில் சட்டை தைத்து அனுப்பும் தேவரீரின் அன்பால் எங்கள் களஞ்சியம் நிறைந்துவிட்டது. அறுவடை நெல் வெட்டவெளியில் கிடக்க, கிழக்கே வானம் கறுத்தது.

களஞ்சியக் காவலர் கொற்றஞ்சாத்தன், "நெல்லு முளைச்சுப்போனா இந்தப் பெட்டிகளையா தாயே வேகவெச்சுத் திங்கறது?" என்று கேட்டார். மன்னரின் பள்ளியறை பூட்டித்தானே கிடக்கிறது, உறைகளை அங்கே அடுக்கலாம் என்று அமைச்சர் விண்ணப்பித்தார். அங்குள்ள தலையணையில் மன்னர் தலைவைத்த பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது. அரசியார் திறவுகோலைத் தரவில்லை.

முதல் தூறலில் ஆணை பிறந்தது: நெல் உள்ளே, உறைகள் வெளியே. பட்டுகள் சாயம் விட்டுக் களமெங்கும் சிவந்தது. தேவரீரின் சிங்கத்தின்மேல் இப்போது தவளை வீற்றிருக்கிறது. உடன்படிக்கை முறிந்ததை அரசியார் அறிவார். மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

இனி அனுப்புவதைத் தேக்கிலையிலோ வாழைச் சருகிலோ பொதிந்து, நாரால் கட்டி அனுப்புக. பிரித்ததும் மாடு தின்னும். மாடு வேண்டாமென்றால் எருக்குழி தின்னும். முத்திரையை ஓலையோடு நிறுத்துக.

இதைப் பகையென்று கொண்டு படையெடுப்பீராயின், வெறும் வண்டிகளையும் உடன் கொண்டு வருக. திரும்புகையில் உறைகளை ஏற்றிச் செல்லலாம்.

இது அரசியார் தம் கையால் இட்ட முத்திரை. இவ்வோலைக்கு உறை இல்லை. வழியில் நனைந்தால் நனையட்டும்.