அவர் ஊறவைத்த ஒயின்

மார்கழி, ஞாயிற்றுக்கிழமை இரவு.

என் மகன் சேவியர் இன்று காலைதான் கத்தாரிலிருந்து வந்தான். அவனுடைய அப்பாவின் அடக்கத்துக்கு லீவு கிடைக்கவில்லை. வந்தவன் கல்லறைக்குப் போகவில்லை. நேராக ஆத்தூர்த் தோட்டத்துக்குப் போய், பூட்டன் காலத்துப் பன்னீர்த் திராட்சைக் கொடிகளுக்கு அடியில் வெகுநேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"அப்பா போட்ட ஒயின் இருக்காம்மா?" என்று கேட்டான்.

படுக்கையில் விழுவதற்கு முந்தின வாரம், கிறிஸ்துமஸுக்காக அவர் தம் கையால் பழம் பிசைந்து ஜாடியில் ஊறவைத்தது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. மூடியைத் திறந்ததுமே புளித்த காடி வாடை மூக்கில் ஏறியது.

"கெட்டுப்போச்சுய்யா, கொட்டிரலாம்" என்றேன்.

"செத்த இரும்மா."

ஒரு டம்ளரில் மொண்டு முழுவதும் குடித்தான். கண் கலங்கிவிட்டது.

"நல்லாத்தாம்மா இருக்கு."

எனக்கும் ஊற்றச் சொல்லிக் குடித்தேன். தொண்டை எரிந்தது.

"ஆமாய்யா, உங்கப்பா எந்த வருசமும் இம்புட்டு நல்லாப் போட்டதில்ல" என்றேன்.

அதற்கப்புறம்தான் அவன் வாய்விட்டு அழுதான். ஜாடியில் இன்னும் பாதி இருக்கிறது. கொட்டலாம் என்று அவனும் சொல்லவில்லை, நானும் மறுபடி சொல்லவில்லை.