ஆக்னெஸ் இல்லை

பாவ்னி, ஒக்லஹோமா
செப்டம்பர் 9, 1974

அன்புள்ள தம்பி கார்லண்டுக்கு,

அக்கா வெஸ்டா எழுதுவது. இங்கே யாரும் படுக்கையில் இல்லை. எனக்குத்தான் முழங்கால் வலி, அதோடு அலுப்பு. பாட்டியின் மக்காச்சோளத்தை உதிர்த்துக் காயவைத்தே இரண்டு வாரம் போய்விட்டது. விருந்து சூப்புக்கு அது போதும்.

அக்டோபர் ஐந்து, சனிக்கிழமை, நம் இனத்தாரின் வட்டக் கூடத்தில் பாட்டி இறந்த வருஷ நினைவு விருந்து. அன்று அவள் பெயரைச் சபையில் சொல்லி முரசு அடித்த பிறகுதான் நாம் துக்கம் கழித்து மறுபடி ஆடலாம். ஒரு வருஷமாக என் ஆட்டச் சால்வை பெட்டியிலேயே கிடக்கிறது. போன வாரம் ஆர்வில் மாமா வந்து, "நான்தானே அறிவிக்கணும், ஆக்னெஸ்னு சொல்லிடவா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

ஏழு வயதில் வெள்ளைக்காரர்கள் பாட்டியை அவர்களுடைய விடுதிப் பள்ளிக்கு வண்டியேற்றிக் கொண்டுபோய், முடியை வெட்டி, பலகையில் எழுதிய பெயர்களில் ஒன்றைக் குச்சியால் தொடச் சொன்னார்களாம். தொட்டது ஆக்னெஸ். ஒன்பது வருஷம் அந்தப் பெயரில் ஊரார் துணியைத் துவைத்தாள். "அது அந்தப் பலகையோட பேருடி, என்னோடது இல்ல" என்பாள். நம் பாவ்னி மொழியில் அவளுக்கு வைத்த பெயரை நீ ராணுவத்துக்குக் கிளம்பிய அன்று உன் ஒருவனிடம்தான் சொன்னாள். எழுதி வைக்காதே, வாயால் சொல் என்றாள்.

அடக்கத்துக்கு நீ வரவில்லை. அதை நான் கேட்கப்போவதில்லை. கடைசி மாதம் முழுக்க, "எங்கடி என் புருஷன்? லாஸ் ஏஞ்சல்ஸ்ல எவளாச்சும் மடக்கிட்டாளா?" என்று உன்னைத்தான் கேட்டாள். எப்போதும் சிரித்துக்கொண்டே கேட்பவள், அப்போது சிரிக்கவில்லை.

போனில் நான் அந்தப் பெயரைக் கேட்டதற்கு நீ, "மறந்துடுச்சுக்கா, ஆக்னெஸ்னே சொல்லச் சொல்லு" என்றாய். குடித்திருந்தாய். உனக்கு மறக்கவில்லை கார்லண்ட், இங்கே வந்து நிற்க வெட்கம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்று நான் கதவுக்குப் பின்னால் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பெயர் என் காதிலும் விழுந்தது. மாமாவிடம் நானே சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் அவளைப் பன்னிரண்டு வருஷம் குளிப்பாட்டியது நான், அவள் பெயரைத் தந்தது உனக்கு. முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது அதற்கும் தெம்பில்லை.

என் தம்பி வந்து சொல்வான் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். நீ வராவிட்டால் முரசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அவளுக்கு வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் உன் தட்டு இருக்கும். குடிக்காமல் வா. குடித்திருந்தாலும் வா.

வழியில் உனக்கு ஒன்றும் ஆகாமல் அவள் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அக்கா,
வெஸ்டா